ஞாபகமிழக்கும் சூதாட்ட யந்திரங்கள்

காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் கிறுகிறுவென்று சுழன்று ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். ஒரே சித்திரம் மூன்று உருளைகளிலும் ஒரு வரிசையில் வந்து நின்றால் காசு கொட்டும். வராவிட்டால் போட்ட காசு போனது போனதுதான். மேனாட்டார் ‘ஸ்லொட் மெஷின்’ என்று அழைக்கும் இந்தச் சூதாட்ட யந்திரத்தை நம்மிற் பெரும்பாலோர் சினிமாப் படங்களிலேதான் கண்டிருப்போம். சூதினால் நாடும் நகரும் இழந்த தருமரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன்மேல் நல்லெண்ணம் உண்டாவதற்கு இடமில்லை.

ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இத்தகைய பழைய யந்திரங்களை விலைக்கு வாங்கி வீட்டிலே வைத்துப் பேணுவோர் பலர் உளர். பணம் பண்ணுவதற்காக அன்று. பாட்டனார் காலத்து மணிக்கூட்டையும் கிராமபோன் பெட்டியையும் நாம் துடைத்து வைத்துப் பேணுவது போன்ற ஆசையே அது. அவர்களை இன்று வாட்டுவது யந்திரத்தின் பெரிய உறுப்பு எதுவுமன்று. உள்ளே ஒரு மூலையில், கண்ணிற் படாமல் இருக்கும் சின்னஞ்சிறு மின்கலம் ஒன்றே. அது ஓய்ந்துவிட்டால், ஒருவராலே தனியே தூக்க முடியாத யந்திரம் முழுவதும் ஊமையாகி நின்றுவிடுகிறது. இவ்விடயத்திலே மாணவர்கள் அறியத்தக்க விஞ்ஞானமும், குடும்பத்தினர் மனத்திற் கொள்ளத்தக்க எச்சரிக்கையும் அடங்கியிருத்தலால் இதனைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

பற்சில்லும் கணினியும்

சூதாட்ட யந்திரத்தின் வரலாற்றிலே முதலிற் சொல்லத்தக்கவர் சாள்ஸ் பே என்பவர். ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில் 1862ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, சான் பிரான்சிஸ்கோ நகரிலே யந்திர வேலை செய்துவந்த இவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ‘லிபேட்டி பெல்’ என்ற யந்திரத்தைச் செய்தார். மூன்று உருளைகளையுடைய அதன் வடிவமே பிற்காலத்து யந்திரங்களுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. அதற்குள் இருந்தவை சுருள் விற்களும், நெம்புகோல்களும், பற்சில்லுகளுமே. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, ஞாபகமும் வேண்டியதில்லை. உருளை எங்கே நிற்கின்றதோ அதுவே கணக்கு.

1960களின் முற்பகுதியிலே சிக்காகோவின் பலி நிறுவனத்தார் ‘மணி ஹனி’ என்ற யந்திரத்தைக் கொணர்ந்து, மின்சாரத்தை உள்ளே புகுத்தினர். அடுத்த இருபது ஆண்டுகளில் மின்சாரத்தின் பின்னால் கணினியும் வந்து புகுந்தது. 1984ஆம் ஆண்டு இங்கே டெல்னஸ் என்பவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமை இம்மாற்றத்தை நிறைவு செய்தது எனலாம். அவருடைய முறைப்படி, உருளைகள் எங்கே நிற்கவேண்டும் என்பதை யந்திரத்துட் பிறக்கும் ஓர் எண்ணே தீர்மானிக்கும். தீர்ப்பு முதலில், சுழற்சி பின்னர். உருளைகள் அந்தத் தீர்ப்பை நமக்குக் காட்டும் கைகாட்டிகளே அன்றி, தாமே தீர்ப்பளிப்பவை அல்ல.

ஆக, இரும்பு யந்திரம் எண்ணும் யந்திரமாக மாறியது. எண்ணுபவனுக்கு ஞாபகம் வேண்டும். இங்கேதான் மின்கலம் தேவைப்பட்டது.

யந்திரம் எதனை நினைக்கின்றது?

கணினியின் ஞாபகம் இருவகைப்படும். ஒன்று, கல்லின்மேல் வெட்டிய எழுத்துப் போன்றது. ஆட்டத்தின் விதிகளைத் தாங்கிய ‘ஈப்ரொம்’ என்னும் சிப் அத்தகையது. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளவை அழியமாட்டா. மற்றது கரும்பலகையில் எழுதியது போன்றது. எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். ஆனால் மின்சாரம் நின்றவுடன் எல்லாம் மறைந்துபோகும்.

யந்திரம் விளையாட்டின்போது குறித்துவைக்கும் செய்திகள் இரண்டாம் வகை ஞாபகத்திலேயே இருக்கின்றன. எத்தனை காசு உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, எத்தனை முறை ஆட்டம் நடந்தது, ஆடுபவருக்கு இன்னும் எவ்வளவு மீதி உண்டு, கடைசி ஆட்டத்தில் உருளைகள் எங்கே நின்றன என்பன அவற்றுட் சில. ஒரு காசுக்கு எத்தனை புள்ளி, ஒலி எவ்வளவு உரக்க வேண்டும் என்பன போன்ற ஏற்பாடுகளும் அங்கேயே உள்ளன.

கசினோ மண்டபத்திலே இக்கணக்கு சாமானியமானதன்று. ஒருவர் பெருந்தொகையை வென்ற கணத்திலே மின்சாரம் தடைப்பட்டால், மின்சாரம் மீண்டதும் யந்திரம் அவ்வெற்றியைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கும் வம்பும் வரும். அதனாலேதான் ஞாபகச் சிப்பினருகே ஒரு மின்கலத்தை வைத்தார்கள். வெளி மின்சாரம் நின்ற கணத்திலே மின்கலம் அப்பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், ஞாபகம் தொடரும்.

இத்தனை சிறிய மின்கலம் இப்பாரத்தைத் தாங்குவது எப்படி? 1963ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி பிராங் வான்லாஸ் கண்ட ‘சீமொஸ்’ என்னும் சுற்றுமுறையே இதற்குக் காரணம். இம்முறையில் அமைந்த சிப், வேலை செய்யாது சும்மா இருக்கும்போது ஏறக்குறைய மின்னோட்டமே கொள்வதில்லை. மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண இலிதிய நாணயக்கலத்தின் கொள்ளளவு சுமார் 220 மில்லி அம்பியர்-மணி. ஞாபகச் சிப் உறங்கும் நிலையில் 2 மைக்குரோ அம்பியர் குடிக்கின்றது எனக் கொள்வோம். 2,20,000ஐ 2ஆற் பிரித்தால் 1,10,000 மணித்தியாலம். ஓராண்டுக்கு 8,760 மணித்தியாலம் ஆதலால், அது ஏறக்குறைய பன்னிரண்டரை ஆண்டாகும். சிப் 5 மைக்குரோ அம்பியர் குடிப்பதாயின் ஐந்தே ஆண்டு.

விழித்திருந்த யந்திரம் உறங்கப்போனது

இனி, வீட்டுக்கு வந்த யந்திரத்தின் மின்கலம் ஏன் விரைந்து ஓய்கின்றது என்பதைக் காண்போம். பலர் யந்திரம் பழையதாயிற்று என்பதோடு நின்றுவிடுவர். உண்மைக் காரணம் அதனிலும் நுண்ணியது.

கசினோவிலே யந்திரம் உறங்குவதில்லை. இரவும் பகலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் இருக்குமட்டும் மின்கலத்துக்கு வேலை இல்லை. வருடத்திலே சில மணித்தியாலம் மாத்திரம் அது தோள் கொடுக்கும். ஆகவே அதன் ஆயுளை மட்டுப்படுத்துவது அதன் இயல்பான முதுமையே. நல்ல இலிதியக் கலமொன்று சும்மா இருந்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேதான் தேயும்.

வீட்டிலோ நிலைமை தலைகீழ். விருந்தினர் வந்தால் ஒரு மணித்தியாலம் யந்திரம் ஒளிரும். மற்றைய 23 மணித்தியாலமும் அது இருட்டிலே நிற்கும். சில வேளை மாதக்கணக்கிலே மோட்டார்க் கொட்டகையில் மூடிக்கிடக்கும். அவ்வளவு காலமும் ஞாபகத்துக்கு உணவூட்டுவது மின்கலமே. அவசரத்துக்கு உதவ வைத்த ஆளை அன்றாடக் கூலியாக்கியது போன்றது இது. யந்திரத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று வீட்டார் எண்ணுகின்றனர். அந்த ஓய்வே மின்கலத்துக்கு ஓயாத உழைப்பாகின்றது.

மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல்-கட்மியக் கலங்களை உடைய பழைய யந்திரங்களுக்கு இத்தொல்லை இருமடங்கு. சுவீடன் தேசத்து வால்டமார் யுங்னர் 1899ஆம் ஆண்டு கண்டுபிடித்த இவ்வகைக் கலமொன்று 1.2 வோல்ற்று தரும். மூன்றைச் சேர்த்தால் 3.6 வோல்ற்று. யந்திரம் ஓடும்போது இவை சிறிது சிறிதாக மின்னேறிக்கொள்ளும். ஆனால் ஓடாதபோது தாமாகவே மின்னை இழப்பதில் இவை இலிதியக் கலத்தைக் காட்டிலும் மிக விரைந்தவை. யந்திரத்தைச் சில மாதம் மூடி வைத்தால் முற்றிலும் வற்றிவிடும்.

எறும்பூரக் கல்லும் தேயும்

வற்றுவதோடு நின்றாலும் பாதகமில்லை. முதுமையடைந்த நிக்கல்-கட்மியக் கலத்தின் மூடி தளர்ந்து உள்ளிருக்கும் திரவம் கசியத் தொடங்குவதே பேராபத்து. அத்திரவம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்னும் கடுங்காரம். அது ஒருநாளிலே பெருக்கெடுத்து ஓடுவதில்லை. கம்பியின் மேலும், மின்சுற்றுப் பலகையின் மேலும் மெல்ல மெல்ல ஊர்ந்து செல்லும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு கூடி வெள்ளைப் பொருக்காகப் படியும். செம்புக் கோடுகளைத் தின்று, பச்சையும் நீலமுமான களிம்பாக்கும். சிப்புகளின் கால்களையும் அவை செருகும் குழிகளையும் அரித்துவிடும். எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்களல்லவா? தலைமயிர் அளவே தடித்த செம்புக்கோடு எம்மாத்திரம்!

இதிலே வருந்தத்தக்கது யாதெனில், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை என்பதே. விளக்குகள் எரியும், உருளைகள் சுழலும். ஒருநாள் திடீரென்று எல்லாம் நின்றபின் பெட்டியைத் திறந்தால், பலகையின் ஒரு பாகம் பாசி பிடித்த குளத்துப்படி போலக் காட்சி தரும். அப்பலகைகளைச் செய்தவர்கள் அவற்றைச் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகளாயின. ஆகவே மின்கலம் போனால் மாற்றலாம்; பலகை போனால் மாற்றுவது அரிது. பந்தை உருட்டி ஆடும் ‘பின்போல்’ யந்திரங்களைப் பேணுவோரும் இதே காரத்தால் எத்தனையோ பலகைகளை இழந்திருக்கின்றனர்.

தானே பூட்டிக்கொள்ளும் யந்திரம்

ஞாபகம் தவறினால், மறந்ததை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே என்று சிலர் வினவலாம். சூதாட்ட யந்திரம் அப்படிச் செய்வதில்லை. மின்சாரம் வந்ததும் அது முதலிலே தன் ஞாபகத்தைத் தானே சோதிக்கும். பதிவிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி, முன்னர் குறித்துவைத்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் பிழைக் குறியொன்றைக் காட்டி நின்றுவிடும். கணக்குப் புத்தகம் கிழிந்துபோன கடையைத் திறக்கமாட்டேன் என்று கணக்கப்பிள்ளை அடம்பிடிப்பது போன்றது இது.

கசினோவிலே இது மிக நல்ல குணம். கணக்குத் தவறிய யந்திரம் காசு கொடுப்பதும் வாங்குவதும் முறையன்று. அங்கே தொழிலாளி ஒருவர் வந்து, ஞாபகத்தை முற்றாகத் துடைக்கும் விசேட சிப்பை வைத்துச் சுத்தம் செய்து, கணக்கை மீண்டும் தொடக்கிவிடுவார். வீட்டிலோ அந்தத் தொழிலாளியும் இல்லை. அந்தச் சிப்பும் பெரும்பாலும் கைவசம் இல்லை. திருடனுக்காக இட்ட பூட்டு வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிடுகின்றது.

இங்கே சட்டமும் ஒரு விசித்திரத்தைச் சேர்க்கின்றது. அமெரிக்காவிலே சூதாட்ட யந்திரங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதை 1951ஆம் ஆண்டின் ஜோன்சன் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. வீட்டிலே வைத்திருக்கலாமா என்பதை அந்தந்த மாநிலமே தீர்மானிக்கும். சில மாநிலங்கள் தாராளமாக அனுமதிக்கின்றன. சில முற்றாகத் தடுக்கின்றன. வேறு சில பழைமையான யந்திரங்களை மாத்திரம் அனுமதிக்கின்றன. கலிபோர்னியாவிலே 25 ஆண்டைக் கடந்த யந்திரத்தைச் சூதாடாது வைத்திருக்கலாம். இவ்விதிகள் எழுந்தபோது பழைய யந்திரம் என்றாற் பற்சில்லு யந்திரமே. இன்றோ 1980களிலும் 1990களிலும் பிறந்த கணினி யந்திரங்களும் அவ்வயதை எட்டிவிட்டன. சட்டம் ஒரு யந்திரத்தை வீட்டுக்குள் அனுமதிக்கும் வயதுக்கு முன்னரே அதன் மின்கலம் மூப்படைந்து விடுகின்றது. சாள்ஸ் பே காலத்து இரும்பு யந்திரத்தை எண்ணெயிட்டு இயக்கலாம். அதன் பேரப்பிள்ளையோ சிறு மின்கலமின்றி இயங்காது.

செய்யவேண்டியன

வருமுன் காப்பதே இங்கு முதற்பாடம். மின்கலம் ஓயும்வரை காத்திராமல், யந்திரம் நன்றாக இருக்கும்போதே அதன் ஏற்பாடுகளையெல்லாம் ஒரு கடுதாசியில் எழுதிவைத்தல் வேண்டும். ஞாபகம் அழிந்தாலும் கடுதாசி இருக்கும். அடுத்து, மின்சாரத்தை நிறுத்திச் செருகியையும் கழற்றிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். அந்நிலையில் வோல்ற்றுமானியால் மின்கலத்தை அளந்தால் அதன் நிலை தெரியும். 3 வோல்ற்று இலிதியக் கலம் இரண்டரைக்குக் கீழே இறங்கியிருப்பின் அதன் காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

நிக்கல்-கட்மியக் கலமாயின், அது மின் தந்தாலும் தராவிட்டாலும், பழையதை எடுத்துவிடுவதே அறிவுடைமை. காரம் கசிந்திருந்தால், நீர் கலந்த வினாகிரியால் மெல்லத் துடைக்கவேண்டும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தணிக்கும் என்று பாடசாலையிற் படித்தது இங்கே கைகொடுக்கும். பின்னர் தூய நீராலும் மதுசாரத்தாலும் கழுவி, நன்றாக உலரவிட்ட பின்னரே மின்சாரம் ஊட்டலாம். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம். எடுத்த கலத்தைக் குப்பையில் எறிவதோ நெருப்பில் இடுவதோ ஆகாது. கட்மியம் நஞ்சு.

மாற்றுக் கலம் வைக்கும்போது இன்னொரு கவனம் தேவை. மின்னேற்றும் கலம் இருந்த இடத்திலே மின்னேற்றக்கூடாத இலிதியக் கலத்தை அப்படியே வைத்தால், யந்திரம் அதற்கும் மின்னேற்ற முயலும். கலம் வெடிக்கலாம், தீயும் பற்றலாம். மின்னோட்டத்தை ஒரு திசையில் மாத்திரம் விடும் இருவாயியை இடையே பொருத்தி இதனைத் தடுப்பர். கலத்தின்மேல் நேராக ஈயம் பற்றவைப்பதும் தவறு; அச்சூடே கலத்தைக் கெடுக்கும். கலத்தைப் பலகையில் வைக்காமல், கம்பி இழுத்து எட்டத்திலே ஒரு கூட்டில் வைப்பது சாலச் சிறந்தது. அது நாளை கசிந்தாலும் பலகை தப்பும். மின்கலமே வேண்டாது ஞாபகம் காக்கும் புதுவகைச் சிப்புகளும் இன்று உள்ளன. பொருந்தும் யந்திரங்களில் அவற்றை இட்டுக் கவலையை ஒழிப்பாரும் உளர்.

கைப்பழக்கம் இல்லாதவர்கள் இவற்றைத் தாமே செய்ய முற்படாது, இலத்திரனியல் வேலை அறிந்தவரை நாடுவதே நன்று.

நமது வீடுகளிலே

சூதாட்ட யந்திரம் நம் வீட்டில் இல்லை. ஆகவே இக்கதை நமக்கெதற்கு என்று எண்ணுதல் வேண்டா. மேசைமேல் வைக்கும் கணினியுள்ளும் இதே ஏற்பாடு உண்டு. 1984ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஏரீ’ கணினி முதலாக, நேரத்தையும் ஏற்பாடுகளையும் காக்க உள்ளே ஒரு மின்கலம் வைக்கும் வழக்கம் பரவிற்று. கணினியைத் திறக்கும்போதெல்லாம் திகதி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால், பெரும்பாலும் அந்தச் சிறு கலமே ஓய்ந்திருக்கும். பிள்ளைகளின் பழைய விளையாட்டுப் பொருளையும், அலுமாரியில் உறங்கும் ரோச் லைற்றையும் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொருக்குப் படிந்திருப்பின், அதுவும் நாம் மேலே சொன்ன காரத்தின் கைவரிசையே. உபயோகிக்காத கருவியிலிருந்து மின்கலத்தை எடுத்துவிடுதல் செலவில்லாத காப்பு.

தாய்மாருக்கு ஒரு சொல். நாணயம் போன்று மினுங்கும் இலிதியக் கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், அது மருந்துக் குளிகை போல வயிற்றுக்குப் போய் வெளியேறிவிடும் என்று காத்திருக்கலாகாது. தொண்டைக் குழாயில் அது சிக்கினால், ஈரமான சதையினூடே மின்னோட்டம் பாய்ந்து, அவ்விடத்திலேயே கடுங்காரத்தை உண்டாக்கும். இரண்டு மணித்தியாலத்துள் பாரதூரமான எரிபுண் ஏற்படலாம். செம்பைத் தின்னும் அதே இரசாயனம் பிஞ்சுச் சதையை விட்டுவைக்குமா? சந்தேகம் தோன்றிய கணத்திலேயே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். ஓய்ந்துபோன கலம் என்று அசட்டை செய்வதும் கூடாது. சிப்புக்குப் போதாத மின், குழந்தைக்குத் தீங்கு செய்யப் போதுமானது.

பெருங் கசினோக்களிலே கோடிக்கணக்கான காசை எண்ணிய யந்திரம், விரல்நுனி அளவான கலமொன்று ஓய்ந்ததனால் ஊமையாகின்றது. சிறியது என்று எதனையும் தள்ளலாகாது. ஞாயிற்றுக்கிழமைகளிலே பிள்ளைகளும் வீட்டிலே இருப்பார்கள். அலுமாரிகளையும் மேசை இழுப்பறைகளையும் ஒருமுறை திறந்து, மறந்துபோன மின்கலங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று அவர்களோடு சேர்ந்து பார்த்துவிடுவது நன்று.